நாலு அங்குல ஓட்டை

அன்புச்செல்வன் தன் கையாலேயே செய்த இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளும் ஐந்து மாதமாகக் கூடத்தில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தன. பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் மாட்டியாகிவிட்டது. நாலு கோட்டு வார்னிஷ் அடித்தாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒயரைப் பெட்டியின் முதுகில் எதைக் கொண்டு மாட்டுவது என்பது மட்டும்தான் பாக்கி. ஒரு கனெக்டர். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் போய், மாசி மகத்துக்குப் பழமலைநாதர் தேரே புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்துவிட்டது.

இதில் உண்மையாகப் பாதிக்கப்பட்டவள் அவன் மனைவி திரௌபதி. ஐப்பசியில் விழுந்த ஒரு இடியில் வீட்டு டிவிக்குப் படம் தப்பித்தது, குரல் போய்விட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னபோது அன்புச்செல்வன் சிரித்தான்.

"அது ஸ்பீக்கரா? தகர டப்பா. அத்தப் போயி ரிப்பேரு பண்ணுவாங்களா? நான் செஞ்சி தரன் பாரு ரெண்டு பொட்டி. ஒங்க சீரியலுக்காரி மூச்சு விடறதுகூட ஒனக்குக் கேக்கும்."

"அவ மூச்சு எனக்கு வேணாங்க. பேசறது கேட்டா போதும்."

அதுவரைக்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக் காசியம்மாளும் அதே சேனல்தான் பார்ப்பாள், அதுவும் தெருவுக்கே கேட்கிற சத்தத்தில். இங்கே படத்தைப் பார்த்துக்கொண்டு, வசனத்தைச் சுவர் வழியாக வாங்கிக்கொள்ள வேண்டியது. என்ன, காசியம்மாள் வீட்டில் கேபிள், இங்கே டிஷ். அதனால் சத்தம் இரண்டு நொடி பிந்தி வரும். இங்கே மாமியார் மருமகளை அறைந்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகு, அங்கிருந்து அறை வந்து சேரும். காசியம்மாள் மகள் வீட்டுக்கென்று மங்களூருக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டாள். அந்தப் பத்து நாளில் கதையில் யாரோ செத்துப்போனார்கள். யார் என்று திரௌபதிக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

அன்புச்செல்வன் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு மேஸ்திரி, களிமண்ணுக்கு அச்சு செய்பவன். அவன் வேலை செய்யும் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்கிறார்கள், ஒயரோடு ஒயர் சேர்க்கும் பீங்கான் கனெக்டரும் செய்கிறார்கள். வெள்ளை வெளேரென்று, இரண்டு ஓட்டை, இரண்டு பித்தளைத் திருகு. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் சூளையிலிருந்து இறங்கும். அதில் இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். முதலில் அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. கெட்ட நேரம், அதைத் தங்கதுரை சாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

தங்கதுரை பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே 'ஒலி ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். யாரும் நியமிக்கவில்லை, அதனால் யாராலும் நீக்கவும் முடியாது. 'நல்லொலி வட்டம்' என்ற பெயரில் அவர் நடத்தும் வாட்ஸாப் குழுவில் பதினோரு பேர். அதில் ஏழு பேர், வெளியேறினால் அவர் மனம் நோகுமே என்று இருப்பவர்கள். சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் கேட்பு அமர்வு நடக்கும். அமர்வின்போது ஃபேன் போடக் கூடாது, ஏனென்றால் இறக்கையின் காற்று நாதத்தைக் கலைக்கும். டீ கிடையாது, ஏனென்றால் டம்ளர் சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலை மட்டும் மெதுவாக உயர்த்துவார். விரல் உயர்ந்தால் சத்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வியர்வை ஒழுக உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் அப்போது தலையை ஆட்ட வேண்டும்.

"பீங்கான் கனெக்டரா?" என்றார் தங்கதுரை. "அன்பு, அது மோட்டார் கொட்டாய்க்கு மாட்டற சாமான். நீ ஒலிபெருக்கி செய்யறியா, போர்வெல் போடறியா?"

அன்புச்செல்வன் வெட்கப்பட்டுப்போனான். அதன்பிறகு கடையில் விற்கும் பெட்டிகளுக்குப் பின்னால் சிவப்பும் கறுப்புமாக இருக்குமே, அந்த அமுக்கு கிளிப்பைப் பற்றி அவரிடமே கேட்டான்.

"துணி காயப்போடற கிளிப்பு மாதிரி ஒயரக் கவ்விக்கிட்டு நிக்கும். அத்த மாட்டறதுக்கு நீ இவ்ளோ பெரிய பொட்டி செஞ்சிருக்க வேணாம்."

கருவேப்பிலங்குறிச்சியில் மைக்செட் வைத்திருக்கும் பாரியிடம் விசாரித்தபோது, அவன் தன் பெட்டிகளில் இருக்கும் முறுக்கிப் பூட்டும் பிளக்கைக் காட்டினான். "அடிச்சாலும் கழலாதுண்ணே. போன வருசம் கெடா மோதி பொட்டி வண்டியிலேர்ந்து வுழுந்துது, பொட்டி ஒடஞ்சிது, பிளக்கு அப்படியே மாட்டிக்கிட்டு நின்னுது." இதை அன்புச்செல்வன் உற்சாகமாகப் போய்ச் சொன்னான். தங்கதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கெடா மோதுமா ஒன் வூட்டுக் கூடத்துல?"

"மோதாதுங்க சார்."

"அப்ப எதுக்கு?"

இப்படியே ஒவ்வொன்றாக ஒதுக்கி, தை மாதக் கடைசியில் தங்கதுரை ஒரு வாக்கியம் சொன்னார். அதை அன்றே குழுவிலும் போட்டார். "செம்பு பேசும், பித்தளை முணங்கும், தங்கம்தான் பாடும்." கூடவே வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் லிங்க்கையும் அனுப்பினார். தங்க முலாம் பூசிய இரண்டு முனைகள், அவை உட்கார ஒரு வட்டக் கிண்ணம், கிண்ணத்தைப் பெட்டியின் முதுகில் ஓட்டை போட்டு உள்ளே பதிக்க வேண்டும். கப்பலில் வர நாற்பது நாள்.

"அதுவரைக்கும் சும்மா ரெண்டு ஒயர இழுத்து வுட்டு டிவி பாத்துக்கலாமா சார்? வூட்டுல ரொம்பக் கேக்கறாங்க."

தங்கதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தத் தப்ப மட்டும் செஞ்சிடாத. ஸ்பீக்கருக்கு முதல் ஒலின்னு ஒண்ணு இருக்குது. பொறந்த கொழந்தைக்கு நாக்குல சேனை தொட்டு வெக்கற மாதிரி. மொத மொத எந்த கனெக்டர்ல சத்தம் எறங்குதோ அந்த குணம்தான் கடைசி வரைக்கும் நிக்கும். இப்ப நீ வெறும் ஒயர்ல ஆரம்பிச்சா, அப்பறம் தங்கத்துலயே குளிப்பாட்டினாலும் போவாது."

இதை வீட்டில் வந்து சொன்னபோது திரௌபதி ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். பிறகு எழுந்து போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்து காதை வைத்துக்கொண்டாள்.

ஓட்டையை முன்கூட்டியே வெட்டி வார்னிஷ் அடித்து ஆறவிடச் சொல்லியிருந்தார் சார். அளவு அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் இணையப் பக்கத்திலேயே இருந்தது: ஓட்டை நாலு அங்குலம், கிண்ணத்தின் விளிம்பு நாலேகால். பெட்டி செய்தது தன் கம்பெனி அச்சு ரூமில்தான் என்பதால், இரண்டையும் ஒருநாள் அங்கேயே தூக்கிப்போய், ஷிஃப்ட் முடிந்த பிறகு அளந்து வட்டமாக வெட்டிக்கொண்டு வந்தான். நேர்த்தியான வட்டம்.

கனெக்டர் பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. கறுப்புப் பெட்டி, உள்ளே வெல்வெட், வெல்வெட்டின் நடுவே ஜோடிக் கிண்ணம். நகைக்கடையில் கம்மல் வாங்கியபோதுகூடத் திரௌபதிக்கு இப்படி வைத்துக் கொடுத்ததில்லை. அன்புச்செல்வன் கை கழுவிக்கொண்டு வந்து, ஒரு கிண்ணத்தை எடுத்து, பெட்டியின் முதுகில் இருந்த ஓட்டையில் வைத்தான்.

லொடக்.

"என்னாங்க, பாடுதா?" என்றாள் திரௌபதி அடுப்படியிலிருந்து.

கிண்ணம் முழுசாக உள்ளே விழுந்து பஞ்சில் கிடந்தது. சரி, ஒரு பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று அடுத்த பெட்டிக்குப் போனான். அங்கேயும் லொடக்.

சட்டைப் பையிலிருந்த தன் இரும்பு ஸ்கேலை எடுத்து ஓட்டையை அளந்தான். நாலு அங்குலம், பிசகில்லை. கைவிட்டுக் கிண்ணத்தை வெளியே எடுத்து அதன் விளிம்பை அளந்தான். நாலேகால் இருக்க வேண்டியது, மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. உடனே தங்கதுரைக்குப் போன் போட்டான்.

"சார், ஏமாத்திட்டான். சாமான் சின்னது."

"போட்டோ எடு. ஸ்கேல பக்கத்துல வெச்சி எடு. வெள்ளைக்காரன்னா வுட்டுடுவமா?"

தங்கதுரை ஒன்றரைப் பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். இந்திய நுகர்வோரின் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு என்று அதில் இரண்டு இடத்தில் வந்தது. கடிதம் கம்பெனிக்கும் போனது, நல்லொலி வட்டத்துக்கும் போனது, அங்கிருந்து வேறு நாலு வட்டங்களுக்கும் போனது. மதியத்துக்குள் முன்பின் தெரியாத இருபது பேர் அன்புச்செல்வனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்துத் திரௌபதி தைக்க உட்கார்ந்தாள். கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து, சும்மா, கைக்கு எட்டியதால், பெட்டியின் ஓட்டையை அளந்தாள்.

"நாலரை இருக்குதே."

"நாலு."

"நாலரைங்க. வந்து பாருங்க."

"ஒன் டேப்பு ஜாக்கெட்டு தைக்கறது. இழுத்தா நீளும். இது இரும்பு." ஸ்கேலை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

அச்சு மேஸ்திரியின் ஸ்கேல் ஊர் ஸ்கேல் இல்லை. களிமண் காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். ஒன்பது அங்குலம் வைத்தால் எட்டு அங்குலமாகத்தான் இறங்கும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டு மாளாது என்பதற்காக, கோடுகளையே தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் ஒன்றை அச்சு வேலைக்கென்று வைத்திருப்பார்கள். அதில் எட்டு என்று எழுதியிருக்கும் இடம் நிஜத்தில் ஒன்பது. இருபத்திரண்டு வருடமாக அன்புச்செல்வன் கையில் இருப்பது அதுதான். சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. பெட்டியை அளந்ததும் அதைக் கொண்டுதான், ஓட்டையை அளந்ததும் அதைக் கொண்டுதான். களிமண் சுருங்கும், ஒட்டுப்பலகை சுருங்காது. ஸ்பீக்கருக்கான ஓட்டையை மட்டும் ஸ்பீக்கரையே கவிழ்த்து வைத்துக் கோடு போட்டதால் அது தப்பித்திருந்தது.

"அதான் பொட்டி டிவி ஸ்டாண்டுல நொழையலியா?" என்றாள் திரௌபதி. "அன்னிக்கே கேட்டன். பெருசா இருக்குதேன்னு. என் கண்ணுலதான் கோளாறுன்னு சொன்னீங்க."

"செத்த சும்மா இரு."

"அஞ்சி மாசமா சும்மாதாங்க இருக்கறன். வூடே சும்மாதான் இருக்குது." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் வருது. கடையில வந்த சவுண்டு பார் ஒண்ணு எடுத்தாரன்னு போன் பண்ணிச்சி. நீளமா, பட்டை மாதிரி. ஒரே ஒயராம், சொருவுனா பேசுமாம். அண்ணன் வரதுக்குள்ள ஒங்க பொட்டி பேசிடுச்சின்னா பேசட்டும். இல்லன்னா அந்தப் பட்டைய மாட்டிக்குவன். இது ரெண்டும் மொட்டமாடிக்குப் போவட்டும்."

அவளுடைய அண்ணன் ராஜ்மோகன் திட்டக்குடியில் செல்போன் கடை வைத்திருப்பவன். அன்புச்செல்வன் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் கடையில் விற்கும் ஸ்பீக்கர்களைப் பற்றி, "மச்சான், இது ஸ்பீக்கர் இல்ல, கொசு" என்று சொல்லி வந்திருக்கிறான். அந்தக் கொசு இப்போது தன் கூடத்துக்கே வந்து உட்காரப்போகிறது என்று நினைத்து அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டிகள் மாடிக்குப் போவதுகூடப் பரவாயில்லை. ராஜ்மோகன் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போவான். அந்தச் சிரிப்பு அடுத்த பொங்கல் வரைக்கும் வரும்.

கண்டனக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று தங்கதுரையிடம் சொன்னபோது அவர் அதை இன்னொரு தடவை முழுசாகப் படித்தார். "கடிதம் நல்லா வந்திருந்துது" என்றார் கடைசியில். பிறகு பரிகாரம் சொன்னார். "ஓட்டை பெருசாயிடுச்சின்னா மேல ஒரு தட்டு வெச்சி மூடி, தட்டுல ரெண்டு முனையையும் மாட்டு. ஆனா மரத்தட்டு வெக்காத. மரமும் மரமும் சேந்தா குசுகுசுன்னு பேசிக்கும். பீங்கான்ல செய்யி. பீங்கான் அதிராது."

"நீங்கதான சார் பீங்கான் வேணான்னீங்க?"

"அது கனெக்டர். இது தட்டு. ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு நானே வரன். முதல் ஒலிய நான் கேக்கணும்."

இதில் அன்புச்செல்வனுக்கு உயிர் வந்தது. பீங்கான் அவன் சொந்த மண். திங்கட்கிழமை காலை முதல் ஆளாகக் கம்பெனிக்குப் போனான். போனதும் முதல் வேலையாக அந்த இரும்பு ஸ்கேலை அச்சு ரூம் ஆணியில் மாட்டிவிட்டு, அதன்பக்கம் திரும்பிப் பார்க்காமல், திரௌபதியின் இஞ்சு டேப்பைப் பையிலிருந்து எடுத்தான். இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்து கழுத்தறுத்த சாமானை இனித் தொடுவதில்லை என்று பஸ்ஸிலேயே சத்தியம் செய்திருந்தான். ஓட்டை நாலரை. தட்டு ஐந்து இருந்தால் சுற்றிலும் கால் அங்குலம் பிடிப்புக் கிடைக்கும். முனைகள் நுழைய இரண்டு ஓட்டை, அவற்றுக்கும் முனையை வைத்தே துல்லியமாக அளவு. அச்சு எடுத்தான். மண்ணை அழுத்தினான். இரண்டு வட்டத் தட்டுகள், பௌர்ணமி நிலா மாதிரி வந்து விழுந்தன.

இன்னும் சுடாத பச்சைச் சாமானின் ஓரத்தை ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுப்பது ஆராயியின் வேலை. அந்த அம்மாள் கம்பெனிக்கு அன்புச்செல்வனுக்கும் முன்னால் வந்தவள். தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் தோளில் கிடந்த டேப்பையும் பார்த்தாள்.

"என்னா மேஸ்திரி, டெய்லர் வேலைக்குப் போயிட்டீங்களா? ஒங்க இரும்பு ஸ்கேலு எங்க?"

"அதப் பத்திப் பேசாத."

"இல்ல மேஸ்திரி, மண்ணுக்கு அது வேணு…"

"ஆராயி, ஃபியூஸ் கட்டைன்னா நீ சொல்லு, நான் கேட்டுக்கறன். இது ஆடியோ. ஒனக்கு ஆடியோ தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப தொடச்சி வெய்யி."

ஆராயி துடைத்து வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தையும் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

மூன்று நாள் பங்குனி வெயிலில் தட்டு காய்ந்தது. வியாழக்கிழமை கிளேஸ் பூச்சில் முக்கிச் சூளையில் ஏற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இறக்கியபோது தட்டுகள் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. கம்பெனியில் எல்லோரும் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். ஆராயிக்கு மட்டும் அந்தப் பக்கம் வர ஒழியவில்லை. அன்புச்செல்வன் அவற்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து பீரோவில் தங்கத்தின் பக்கத்தில் வைத்துப் பூட்டினான். இவ்வளவு பெரிய காரியத்தை ஞாயிறு காலை நல்ல வெளிச்சத்தில், குளித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஞாயிறு ஒன்பதரைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ராஜ்மோகன் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அரைமணி முன்னாலேயே வந்து, நீளமான அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தான். திரௌபதி டீயோடு நின்றாள். அன்புச்செல்வன் ஒரு தட்டை எடுத்துப் பெட்டியின் முதுகில் ஓட்டையின்மேல் வைத்தான். விளிம்பு ஒரு கணம் நின்றது போலத்தான் இருந்தது.

லொடக்.

அவன் இன்னொரு தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். நாலரைக்கு அரை நூல் குறைவாக இருந்தது. முனைக்காக விட்ட ஓட்டையில் முனையை வைத்து அழுத்தினான், நுழைய மறுத்தது. சுட்ட பீங்கானை இனி அராவ முடியாது, துளைக்க முடியாது, கெஞ்ச முடியாது. சூளைக்குப் போன மண் சுருங்கும் என்பது பேட்டையில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். மரத்துக்குச் சுருக்க ஸ்கேல், மண்ணுக்கு ஜாக்கெட் டேப். ஊரில் எத்தனையோ அச்சு மேஸ்திரிகள் இருந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்கு ஒருவனே செய்ததாகச் சரித்திரம் கிடையாது.

"மாப்ள," என்றான் ராஜ்மோகன், மிக மரியாதையாக. "இத்தப் பிரிக்கட்டுமா?"

அன்புச்செல்வனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஸ்கேல்மேல், டேப்மேல், ஆராயிமேல் – அவள் இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? – தங்கத்தின்மேல், கப்பல்மேல். தட்டை எங்கே வீசுவது என்று பார்த்தான். வீசவும் மனம் வரவில்லை, அவ்வளவு அழகான கிளேஸ்.

"உள்ளேர்ந்து ரெண்டு ஒயரு தொங்குதில்ல?" என்றாள் திரௌபதி.

"தொங்குது."

"வெளிய ரெண்டு ஒயரு கெடக்குதில்ல?"

"திரௌபதி, முதல் ஒலின்னு ஒண்ணு…"

"முதலோ கடைசியோ, எனக்கு ஒரு ஒலி வேணும். முறுக்குறீங்களா, நான் முறுக்கட்டுமா?"

அவனே முறுக்கினான். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு, மேலே இன்சுலேஷன் டேப். பல்லால் டேப்பைக் கடித்தபோது ஏதோ அபசாரம் செய்வது போல இருந்தது. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கம் வெல்வெட்டோடு பீரோவுக்குத் திரும்பியது. திரௌபதி டிவியைப் போட்டாள். வாரம் முழுக்க ஓடிய சீரியலை ஞாயிறு காலையில் ஒரே மூச்சாகத் திருப்பிப் போடுவார்கள்.

"இந்த வாசப்படிய நீ இனிமே மிதிக்கக் கூடாது!" என்றாள் மாமியார்.

குரல் டிவியிலிருந்து வரவில்லை, கூடத்தின் நடுவிலிருந்து வந்தது. மாமியார் கையை நீட்டியபோது வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்த சத்தம் தனியாகக் கேட்டது. மருமகள் அழுவதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுத்தாள், அதுவும் கேட்டது. திரௌபதி டீ டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அன்புச்செல்வன் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பெட்டி நன்றாக இருந்தது. அவன் அறுத்த பலகை, அவன் ஒட்டிய மூலை, அவன் அடைத்த பஞ்சு. ஐந்து மாதமாகக் கனெக்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில், இது பாடுமா என்று அவனே நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குது மாப்ள," என்றான் ராஜ்மோகன். அட்டைப்பெட்டி மடியிலிருந்து தரைக்கு இறங்கியது.

சரியாகப் பதினோரு மணிக்குத் தங்கதுரை வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு வீணை இசை டிஸ்க். டிவி ஓடுவதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அன்பு, முதல் ஒலி…"

"வாங்க சார், உக்காருங்க," என்றாள் திரௌபதி. "இது முடியட்டும், அப்பறம் ஒங்களத போடலாம்."

"எப்பம்மா முடியும்?"

"ஒரு மணிக்கு முடியும் சார்."

ஃபேனையாவது நிறுத்தச் சொன்னார். திரௌபதி பங்குனி வெயிலை அவருக்கு நினைவூட்டி, ஃபேனை இன்னும் ஒரு சுற்று வேகமாக வைத்துவிட்டு, அவருக்கும் டம்ளரில் டீ கொடுத்தாள். வேறு வழியில்லாமல் தங்கதுரை டம்ளரைத் தொடையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மாமியார் மருமகளை அறைந்தாள். வலது ஆள்காட்டி விரல் மெதுவாக உயர்ந்தது.

"கேட்டியா அன்பு? கை கன்னத்துல படறதுக்கு முன்னாடி காத்து வெலகுச்சி பாரு. அது தங்கம். தங்கத்தால மட்டும்தான் முடியும்." விரல் இன்னும் உயர்ந்தது. "அழுகை கொஞ்சங்கூட செதறல. அது பீங்கான் தட்டு. நான் என்னா சொன்னன்?"

அன்புச்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தான். ஒட்டிய மூலையைப் பற்றி. குறைந்தபட்சம் வார்னிஷைப் பற்றி. "இனிமே வட்டத்துல எல்லாரும் தங்கம்தான்னு இன்னிக்கே போட்டுடறன்" என்று அவர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னபோது, அவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"சார், தங்கம் பீரோவுல இருக்குது."

விரல் அப்படியே நின்றது.

"தட்டு ஒண்ணு பொட்டிக்குள்ள வுழுந்து கெடக்குது, ஒண்ணு இதோ கீழ கெடக்குது. பின்னாடி போயி பாருங்க. வெறும் ஒயரு. முறுக்கி டேப்பு சுத்தியிருக்கறன்."

ராஜ்மோகன் இருமலைப் போல ஒரு சத்தம் எழுப்பிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தங்கதுரை கண்ணைத் திறந்தார். டீயை ஒரு மடக்குக் குடித்தார். விரலை மடக்கிக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"அதான பாத்தன்," என்றார். "வந்ததுமே ஒரு மூக்கடைப்பு தெரிஞ்சிது. சரி, கஷ்டப்பட்டு செஞ்சிருக்கற, ஒடனே சொன்னா மனசு நோவுமேன்னுதான் நல்லதா நாலு வார்த்த சொன்னன்."

அன்புச்செல்வன் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தும் விட்டது, பாதி வழியில் நின்றது. மூக்கடைப்பா? டிவியில் மருமகள் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். 'நான் போறேன்' என்றபோது அந்த 'நா'வில் லேசாக, மிக லேசாக, ஒரு அடைப்பு இருக்கிறதோ?

தங்கதுரை நாற்காலியை இழுத்து அவன் பக்கம் போட்டுக்கொண்டார். போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். வெள்ளி நிறத்தில், தங்கத்தையே ஏளனம் செய்வது போல மின்னும் முனைகள்.

"ரோடியம்," என்றார் காதோரமாக. "தங்கம்லாம் பழசாயிடுச்சி அன்பு. இதுல பெரிய சைசு கிண்ணம் வருது. ஓட்டை எவ்ளோ தெரியுமா? சரியா நாலரை அங்குலம். ஒன் பொட்டிக்குன்னே செஞ்ச மாதிரி."

அன்புச்செல்வன் மனைவியைப் பார்த்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு டிவியில் ஆழ்ந்திருந்தாள். மருமகள் கதவைத் திறந்தாள், இசை ஓங்கி ஒலித்தது. அந்தச் சத்தத்தின் மறைவில் குனிந்து, உதடு அசையாமல் சொன்னான்.

"லிங்க்க அனுப்புங்க சார்."

சீரியலில் சரியாக அந்த இடத்தில் இசையை நிறுத்தியிருந்தார்கள். அவன் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

திரௌபதி திரும்பவில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்த ராஜ்மோகன் பக்கம் கையை மட்டும் நீட்டினாள்.

"அண்ணே, அந்தப் பட்டையத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடாத. இங்கயே வெச்சிட்டுப் போ."